செம்பனைக்கு நடுவே வைஃபை

கேள்வி: தோட்டத்து வீட்டில் மாலையானால் இணையம் அறுந்து அறுந்து வருகிறது. ரூட்டரை மாற்ற வேண்டுமா?
– வாசகி, பகாவ்

பதில்: கடைக்குப் போகும் முன் ஒரு சோதனை. மடிக்கணினியைக் கேபிள் வழியாக நேராக ரூட்டரில் செருகிப் பாருங்கள். வேகம் சரியாக இருந்தால் கோளாறு வீட்டுக்குள் பரவும் வைஃபையில். அப்போதும் இழுத்தால் வெளியிலிருந்து வரும் இணைப்பில்.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பலருக்கு சிம் போட்ட 4ஜி ரூட்டர்தான் துணை. செம்பனை ஓலைகளில் உள்ள நீர் அலைகளை விழுங்கும். தகரக் கூரை திருப்பி அனுப்பும். ஆகவே ரூட்டரை டிவி அலமாரிக்குள் ஒளிக்காமல், கோபுரத்தைப் பார்த்த சன்னலருகே உயரமாக வையுங்கள். மாலையில் மட்டும் தொல்லை என்றால், ஒரே கோபுரத்தை எல்லோரும் அந்நேரத்தில் பகிர்வது காரணமாக இருக்கலாம். காலையிலும் இரவிலும் வேகத்தை அளந்து குறித்துவையுங்கள்.

பழைய 3ஜி மோடமா? அதற்கு உயிரில்லை, மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியோடு மூடப்பட்டது.

ஃபைபர் இணைப்பில் சிவப்பு விளக்கு மின்னினால் கம்பியில் ஒளி வரவில்லை என்று பொருள். அதை நிறுவனத்து ஆள்தான் சரிசெய்ய வேண்டும்.

இடி இடித்தால் மின்செருகியைக் கழற்றிவிடுங்கள். நிறுவனம் புகாரைக் கண்டுகொள்ளாவிட்டால், குறித்துவைத்த வேக அளவுகளோடு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் முறையிடலாம்.