சுற்றறிக்கையில் வராத மாற்றம்

கேள்வி: ஐடிஐ முடித்து வயர்மேன் லைசென்ஸ் எடுத்தவன். 2017 முதல் பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் வீடுகளுக்கு சோலார் மாட்டித் தருகிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு விதி மாறுகிறது. சமீபத்தில் ஒரு வீட்டு ஃபைல், பேனல் பட்டியலில் இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. நான் வாங்கும்போது அந்தக் கம்பெனி பட்டியலில் இருந்தது. இதையெல்லாம் ஒரே இடத்தில் படிக்கப் புத்தகம் ஏதும் உண்டா? ஸ்ட்ரக்சர் 150 கிலோமீட்டர் காற்றைத் தாங்கும் என்று டீலர் சர்டிபிகேட் தருகிறார். கஜா புயலைப் பார்த்த ஊருக்கு அது போதுமா? 2019இல் நான் மாட்டிய ஒரு வீட்டில் இன்னும் இரண்டு பேனல் கூட்டிக் கேட்கிறார்கள், செய்யலாமா? எல்லாவற்றையும் சரியாகச் செய்தால் பக்கத்துக் கடைக்காரர் விலையோடு போட்டி போட முடியவில்லை. என்ன செய்யட்டும்?
வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: உங்கள் கோபத்தில் பாதி நியாயம் தம்பி. ஏஎல்எம்எம் என்ற அந்த அங்கீகாரப் பட்டியலுக்கான உத்தரவு 2019 ஜனவரியில் வந்தது. முதல் பட்டியல் 2021 மார்ச்சில்தான் வெளியானது. பிறகு நெட் மீட்டர் வேலைகளையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். 2023-24 நிதியாண்டு முழுக்க நிறுத்தி வைத்தார்கள். 2024 ஏப்ரல் 1 முதல் மறுபடி கட்டாயம் என்றார்கள். பேனல் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் செல்லும் பட்டியலில் இருந்தாக வேண்டும் என்ற அடுத்த கட்டத்துக்கு 2026 ஜூன் 1 என்று தேதி குறித்தார்கள். இதில் பெரும்பகுதி உள்நாட்டு உற்பத்தியை வளர்க்கும் தொழில் கொள்கை. மாடியில் ஏறி வேலை செய்பவரின் பாதுகாப்புக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு குறைவு. மாறிக்கொண்டேதான் இருக்கும்.

மீதிப் பாதி உங்கள் பக்கத்தில். அந்தப் பட்டியலில் கம்பெனிப் பெயர் இருந்தால் மட்டும் போதாது. மாடல் மாடலாகத்தான் பதிவு, ஒவ்வொன்றுக்கும் செல்லுபடித் தேதி உண்டு. ஒரே கம்பெனியின் ஒரு மாடல் உள்ளே இருக்கும், இன்னொன்று வெளியே. ஆகவே, பணம் கட்டும் அன்று பட்டியலைத் திறந்து, பேனலின் பின்பக்க லேபிளில் உள்ள மாடல் எண் அப்படியே இருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தைத் தேதியோடு அச்செடுத்து ஃபைலில் வையுங்கள். விலை மலிவு என்று முன்கூட்டியே வாங்கி அடுக்கி வைக்காதீர்கள். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். அதற்கு செல், பேனல் இரண்டும் உள்நாட்டுத் தயாரிப்பாக, அதாவது டிசிஆர் பேனலாக இருக்க வேண்டும். அங்கே வரிசை எண்ணில் தகராறு வந்தால் நஷ்டம் வீட்டுக்காரருக்கு, வசவு உங்களுக்கு.

பட்டியலில் நுழைய ஒரு திறன் வரம்பும் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கூரை வேலைக்கான சிலிக்கான் பேனல் குறைந்தது 19.5 சதவீதம் காட்ட வேண்டும். நீங்கள் 2017இல் மாட்டிய 335 வாட் பாலி பேனல் சுமார் 1.94 சதுர மீட்டர். கணக்குப் போட்டால் 17 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். இன்றைய 540 வாட் மோனோ 2.58 சதுர மீட்டரில் கிட்டத்தட்ட 21 சதவீதம் தருகிறது. பழைய பேனல் சந்தையை விட்டுப் போன காரணங்களில் இந்த வரம்பும் ஒன்று.

நான் சொல்ல வந்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. பேனல் மாறிப்போய்விட்டது. அதைச் சுற்றியிருக்கும் பெட்டி, ஃபியூஸ், கிளாம்ப், போல்ட் எதுவும் நம் கடைகளில் முழுதாக மாறவில்லை. அதற்காக யாரும் உங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பவும் இல்லை. ஃபைல் திரும்பி வந்ததைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பேனலிலிருந்து வரும் கரண்டுக்கான டிசிடிபி பெட்டி உருகுவதைப் பற்றி உங்களைப் போன்றவர்கள் எழுதுவதே இல்லை.

கரண்டை எடுத்துக்கொள்வோம். பழைய 335 வாட் பேனலின் ஷார்ட் சர்க்யூட் கரண்ட் 9.3 ஆம்பியர் அளவில் இருந்தது. 182 மில்லிமீட்டர் செல் கொண்ட 540 வாட் பேனலில் அது 13.9ஐத் தொடுகிறது. 210 மில்லிமீட்டர் செல் என்றால் 18க்கு மேல். ஸ்ட்ரிங் (பேனல் வரிசை) ஃபியூஸை ஷார்ட் சர்க்யூட் கரண்டின் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் போட வேண்டும் என்பது சர்வதேசத் தரநிலையின் கணக்கு. 9.3ஐ ஒன்றரையால் பெருக்கினால் 14 வருகிறது. 15 ஆம்பியர் ஃபியூஸ் போட்டோம், சரியாக இருந்தது. 13.9ஐப் பெருக்குங்கள்: 20.8. இப்போது 25 ஆம்பியர் வேண்டும். பேனல் டேட்டா ஷீட்டிலும் அதிகபட்ச ஃபியூஸ் 25 என்றே பெரும்பாலும் போட்டிருக்கும். ஆனால் கடையில் "மூன்று கிலோவாட் டிசி பெட்டி" என்று கேட்டால் பழைய 15 ஆம்பியர் பெட்டியைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்குள், 15 ஆம்பியர் ஃபியூஸில் நாள் முழுக்க 13 ஆம்பியர் ஓடினால் ஃபியூஸ் ஹோல்டர் பழுப்பேறி, பிறகு இளகும். ஒரே ஸ்ட்ரிங் உள்ள வீட்டில் பின்னோட்டத்துக்கு வழியே இல்லை, ஆகவே ஓவர்கரண்டுக்காக ஸ்ட்ரிங் ஃபியூஸ் அவசியமே கிடையாது. போட்டால் சரியான அளவில் போடுங்கள்.

இன்வர்ட்டரிலும் இதே கதை. பழைய சிங்கிள் ஃபேஸ் இன்வர்ட்டர்கள் பலவற்றில் ஒரு எம்பிபிடிக்கு, அதாவது பேனல் வரிசையை இணைக்கும் ஒரு உள்ளீட்டுக்கு, 12.5 ஆம்பியர்தான் வரம்பு. அதற்கு மேல் வரும் கரண்டை அது எடுத்துக்கொள்ளாது, உற்பத்தி குறையும், அது ஒரு நஷ்டம் மட்டுமே. ஆனால் டேட்டா ஷீட்டில் அதற்கு அடுத்த வரியில் அதிகபட்ச ஷார்ட் சர்க்யூட் கரண்ட் என்று இன்னொரு எண் இருக்கும். அதைப் பேனல் மீறக்கூடாது. மீறினால் வாரண்டியும் போகும், பாதுகாப்பும் போகும். இருபக்க பேனலாக இருந்து, கீழே வெள்ளைத் தட்டோடோ கூலிங் பெயிண்ட்டோ இருந்தால் பின்பக்க வெளிச்சத்தால் கரண்ட் இன்னும் கூடும். இந்த இரண்டு வரிகளையும் பார்க்காமல் "5 கிலோவாட்டுக்கு 5 கிலோவாட்" என்று ஜோடி சேர்ப்பவர்கள்தான் நிறைய.

கனெக்டர் விஷயத்தில் கடைக்காரர் "எம்சி4தான் சார், எல்லாம் ஒன்றுதான்" என்பார். ஒன்றல்ல. ஆணும் பெண்ணும் ஒரே தயாரிப்பாளர், ஒரே வகை என்று இருக்க வேண்டும் என்று தரநிலை சொல்கிறது. இரண்டு கம்பெனி கனெக்டர் பார்வைக்குக் கச்சிதமாகப் பூட்டிக்கொள்ளும், உள்ளே உலோகம் உலோகத்தைப் பிடிக்கும் அழுத்தம் வேறாக இருக்கும். மழையும் உப்புக்காற்றும் உள்ளே போய் ஓரிரு ஆண்டுகளில் அந்த இடம் சூடாகும். பேனலில் எந்தக் கம்பெனி கனெக்டர் வருகிறது என்று டீலரிடம் கேட்டு, வீட்டுக்குக் கீழிறங்கும் கேபிள் முனைக்கும் அதையே வாங்குங்கள். கிரிம்பிங்கைக் கட்டிங் பிளேயரால் நசுக்குவதை விட்டுவிடுங்கள் என்று வயர்மேனுக்குச் சொல்வது எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கண்ணில் படுகிறது.

இனி உங்கள் கஜா கேள்வி. 150 கிலோமீட்டர் என்பது மத்திய அமைச்சகத்தின் தொழில்நுட்பக் குறிப்பில் உள்ள எண். இந்தியாவின் காற்றுவேகத் தரநிலையான ஐஎஸ் 875 மூன்றாம் பகுதியின் வரைபடம் சென்னைக்குக் கொடுக்கும் அடிப்படை வேகம் நொடிக்கு 50 மீட்டர். மணிக்கு 180 கிலோமீட்டர். 150க்கும் 180க்கும் வித்தியாசம் ஐந்தில் ஒரு பங்குதானே என்று தோன்றும். காற்றழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 150இல் சதுர மீட்டருக்கு சுமார் 1,040 நியூட்டன், 180இல் 1,500. ஒரு 540 வாட் பேனலின் பரப்போடு பெருக்குங்கள்: முதல் கணக்கில் ஒவ்வொரு பேனலையும் ஏறத்தாழ 270 கிலோ எடை தூக்கிப் பிடுங்குகிறது, இரண்டாவதில் 395 கிலோ. மாடியின் ஓரத்தில் இன்னும் கூடும். பழைய பேனலைவிடப் புதியது மூன்றில் ஒரு பங்கு பெரியது என்பதால் அதே காற்றில் ஒரு கிளாம்ப் தாங்க வேண்டிய சுமையும் அந்த அளவுக்குக் கூடிவிட்டது. உங்கள் ஊருக்குரிய வேகத்தை அந்த வரைபடத்தில் பார்த்து, ஸ்ட்ரக்சர் சர்டிபிகேட் அந்த எண்ணுக்குக் கொடுக்கப்பட்டதா என்று கேளுங்கள்.

சர்டிபிகேட் இரும்பைப் பற்றியது மட்டும் என்பதையும் கவனியுங்கள். இரும்பு எதில் ஊன்றியிருக்கிறது? நம் மொட்டைமாடிகளில் மேலே தட்டோடு, அதன் கீழே மூன்று நான்கு அங்குலத்துக்கு சுண்ணாம்பு கலந்த செங்கல் ஜல்லி, அதற்கும் கீழேதான் கான்கிரீட். நாலு அங்குல ஆங்கர் போல்ட்டைத் தட்டோட்டுக்கு மேலிருந்து அடித்தால் அது ஜல்லியோடு நின்றுவிடும். கையால் ஆட்டிப் பார்த்தால் அசையாது, வீட்டுக்காரரும் திருப்தியாகத் தலையாட்டுவார். புயலில் தட்டோட்டோடு சேர்ந்து வரும். கீழே ஆள் நடமாட வேண்டும் என்று எட்டடி உயரத்தில் ஸ்ட்ரக்சர் கேட்கும் வீடுகளில் இது இன்னும் மோசம், காற்று அடியில் புகுந்து தூக்கும். கான்கிரீட்டுக்குள் இறங்கும் நீளம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஜல்லித் தளத்தை அந்த இடத்தில் வெட்டி எடுத்து, கான்கிரீட்டில் கெமிக்கல் ஆங்கர் போட்டு, மேலே பீடம் கட்டி, தண்ணீர் இறங்காதபடி பூசிவிடுங்கள்.

பேனல் ஃபிரேமும் மெலிந்துவிட்டது. முன்பு 40, 35 மில்லிமீட்டர், இப்போது பலதிலும் 30. கையிலிருக்கும் 35 மில்லிமீட்டர் எண்ட் கிளாம்ப்பை வாஷர் திணித்து இறுக்குகிறார்கள். அது பிடிப்பே அல்ல. பேனலின் குறுக்குப் பக்கத்தில் பிடித்தால் எவ்வளவு, நீளப் பக்கத்தில் எந்த இடத்தில் பிடித்தால் எவ்வளவு தாங்கும் என்று தயாரிப்பாளரின் மேனுவலில் படத்தோடு இருக்கும். டேட்டா ஷீட்டில் பெரிதாகப் போட்டிருக்கும் 2,400 பாஸ்கல் சோதனைச் சுமை, வடிவமைப்புச் சுமை அல்ல. ஒன்றரையால் வகுத்து 1,600 என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பாஸ்கல் என்பதும் சதுர மீட்டருக்கு ஒரு நியூட்டன்தான், ஆகவே மேலே வந்த 1,500 என்ற எண்ணை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மிச்சம் எவ்வளவு குறைவு என்று தெரியும்.

எர்த்திங் அதிகம் மாறவில்லை. டிசி, ஏசி, இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனி எர்த் பிட், 5 ஓம்முக்கு மேல் போகக் கூடாது. அனோடைஸ் செய்த அலுமினிய ஃபிரேமில் மேற்பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது, அதைக் கீறி உட்காரும் எர்த்திங் வாஷர் வேண்டும். வெறும் நட்டு போதாது.

2019 வீட்டுக்கு வருவோம். பழைய பேனல் வரிசையிலேயே புதிய இரண்டைச் சேர்த்தால், ஏரில் பூட்டிய மாடுகளில் மெதுவான மாட்டின் வேகம்தான் ஏருக்கும். வரிசை முழுக்க பழைய பேனலின் 8.8 ஆம்பியரே ஓடும், 540 வாட்டுக்குக் காசு கொடுத்து 370 வாட் அளவுக்கு எடுப்பார்கள். இன்வர்ட்டரில் இன்னொரு எம்பிபிடி காலியாக இருந்தாலும் இரண்டு பேனலின் 83 வோல்ட்டுக்குப் பல இன்வர்ட்டர்கள் விழித்துக்கொள்ளவே மாட்டா. நாலு பேனலும் தனியாக ஒரு சிறிய இன்வர்ட்டரும் போடச் சம்மதித்தால் செய்யுங்கள். இல்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கூட்டும் கிலோவாட்டுக்கு மின்வாரியத்தில் தனியாக விண்ணப்பம் வேண்டும், அந்தப் பகுதிக்கு இன்றைய விதிதான்.

நீங்கள் கேட்ட ஒரே புத்தகம் இல்லை. சூரிய வீடு திட்ட வழிகாட்டுதல்களின் தொழில்நுட்பப் பகுதியும், 2010 விதிகளுக்குப் பதிலாக மத்திய மின்சார ஆணையம் 2023இல் கொண்டுவந்த பாதுகாப்பு விதிகளும் கையில் இருக்கட்டும். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால், மாட்டப் போகும் அந்தப் பேனலின் இன்ஸ்டலேஷன் மேனுவலை வரி வரியாகப் படியுங்கள். கிளாம்ப், கனெக்டர், ஃபியூஸ், எர்த் எல்லாம் அதில்தான் இருக்கிறது, மாடல் மாறினால் அதுவும் மாறுகிறது.

பக்கத்துக் கடை விலைக்கு: கோட்டேஷனில் "540 வாட் பேனல் 6, ஸ்ட்ரக்சர், லேபர்" என்று மூன்று வரி எழுதுவதை நிறுத்துங்கள். பேனல் மாடல் எண், பட்டியலில் பார்த்த தேதி, ஃபியூஸ் எத்தனை ஆம்பியர், கனெக்டர் எந்தக் கம்பெனி, ஆங்கர் கான்கிரீட்டுக்குள் எத்தனை அங்குலம், ஸ்ட்ரக்சர் எந்தக் காற்று வேகத்துக்கு என்று தனித்தனி வரியாகப் போட்டுக் கொடுங்கள். பட்டியலில் மாடல் மாறினால் அதற்கு இணையான பேனல் போடப்படும் என்ற வரியும் இருக்கட்டும். வீட்டுக்காரர் அதை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போய், இதே வரிகளை எழுதிக் கேட்கட்டும்.