சாக்கடை ஓரத்து வீடு

கேரளத்தில் கொச்சி நகரம் இருக்கிறது. அதன் பழைய பகுதி மட்டாஞ்சேரி. அங்கே ஜூ டவுன் என்று ஒரு தெரு. யூதர்கள் வாழ்ந்த தெரு அது. அவர்கள் 1568-ல் கட்டிய ஜெப ஆலயம் இன்றும் அங்கே உள்ளது. மிளகும் இஞ்சியும் விற்ற தெரு அது.

கொச்சிக்கு வந்த வெளிநாட்டார் ஒரு நோயையும் கண்டார்கள். அது யானைக்கால் நோய். அதற்குக் ‘கொச்சிக் கால்’ என்றே பெயர் வைத்தார்கள். கிணற்றுத் தண்ணீரால் கால் வீங்குகிறது என்றார்கள் சிலர். சாபம் என்றார்கள் சிலர்.

உண்மை என்ன? கொசுதான் காரணம். 1877-ல் பாட்ரிக் மான்சன் என்ற மருத்துவர் இதைச் சீனாவில் கண்டுபிடித்தார். நோயாளியின் இரத்தத்தில் மிகச் சிறிய புழுக்கள் உள்ளன. அவரைக் கடித்த கொசுவின் உடலில் அந்தப் புழுக்கள் வளர்கின்றன. அந்தக் கொசு மற்றவரையும் கடிக்கிறது. நோய் பரவுகிறது. கால் வீங்குவதோ பல ஆண்டுகள் கழித்துத்தான்.

கொசுவுக்கு ஏழை, பணக்காரர் என்ற பேதம் இல்லை. பிறகு ஏன் இந்த நோய் ஏழைகளை அதிகம் வாட்டுகிறது?

கொச்சி தாழ்வான ஊர். மழைநீர் எளிதில் வடியாது. தேங்கிய சாக்கடையில் இந்தக் கொசு முட்டையிடும். சாக்கடை ஓரத்து வீட்டுக்கு வாடகை குறைவு. குறைந்த கூலி வாங்குபவர் அங்கேதான் குடியேற முடியும்.

ஒரு சுமை தூக்கும் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். வீட்டில் ஒரே அறை. ஆறு பேர் படுக்கிறார்கள். கொசுவலை வாங்கப் பணம் இல்லை. அவருக்குக் கால் வீங்குகிறது. காய்ச்சல் அடிக்கடி வருகிறது. மூட்டை தூக்க முடியவில்லை. கூலி போகிறது. மருந்துக்குக் கடன் வாங்குகிறார். நல்ல வீட்டுக்கு மாற முடியவில்லை. வறுமை நோயைத் தந்தது. நோய் வறுமையைக் கூட்டியது.

காசநோயும் இப்படித்தான். காற்று வராத நெரிசலான அறையில் அது எளிதில் பரவும்.

இதற்கு வழி உண்டு. யானைக்கால் நோயை ஒழிக்க மாத்திரை உண்டு. நோய் உள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கு ஒருமுறை அதை இலவசமாகக் கொடுக்கும் திட்டம் 2004-ல் தொடங்கியது. வீங்கிய காலைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஈரம் போகத் துடைக்க வேண்டும். அப்போது புண்ணும் காய்ச்சலும் குறையும்.

மாத்திரை மட்டும் போதாது. நல்ல வீடும் வேண்டும். கொச்சியில் துருத்தி என்ற இடத்தில் 394 ஏழைக் குடும்பங்களுக்கு அடுக்குமாடி வீடுகள் கட்டப்பட்டன. 2025-ல் அவை திறக்கப்பட்டன.

சாக்கடையைச் சீர்செய்யும்படி ஒருவர் கேட்டால் அது வேண்டுகோள். தெருவே சேர்ந்து கேட்டால் அது உரிமைக் குரல்.

சிந்தியுங்கள்:
1. உங்கள் தெருவில் தண்ணீர் எங்கே தேங்குகிறது?
2. நோயால் உங்கள் வீட்டில் எத்தனை நாள் கூலி போனது?
3. சாக்கடையைச் சீர்செய்யக் கோரி ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ ஒரு மனு எழுதுங்கள். எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.