குருதியில் வந்ததும் உணவில் வந்ததும்

குட்டிக்கானத்திலிருந்து வண்டிப்பெரியாறு நோக்கி இறங்கும் சாலையின் இருமருங்கும் தேயிலைத் தோட்டங்கள் பரந்துள்ளன. அவற்றின் லயங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் முன்னோர், பிழைப்புத் தேடிக் கம்பம் பள்ளத்தாக்கின் வழியே மலையேறி வந்தவர்கள். ஏறத்தாழ அதே காலத்தில், தமிழ்நாட்டின் வேறு பல ஊர்களிலிருந்து புறப்பட்டோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கும் சிங்கப்பூர்த் துறைமுகத்துக்கும் சென்றனர். இதயத் தமனி நோயைப் பற்றிய ஒரு பெரும் வினா, கப்பலேறிச் சென்ற அம்மக்களிடமிருந்தே எழுந்தது.

உடல் முழுவதற்கும் குருதியை அனுப்பும் இதயத்துக்கும் குருதி வேண்டும். அதனைக் கொண்டு சேர்ப்பவை இதயத் தமனிகள். அவற்றின் உட்சுவரில் கொழுப்பு சிறிது சிறிதாகப் படிந்து தடிக்கும். இது ஓரிரு நாளில் நிகழ்வதன்று. இளமையிலேயே தொடங்கிப் பல ஆண்டுகள் ஓசையின்றி வளர்வது. ஒருநாள் அத்தடிப்பு வெடித்து, அவ்விடத்தில் குருதி உறைந்து பாதையை அடைக்குமாயின் மாரடைப்பு உண்டாகிறது.

மருத்துவப் பேராசிரியர் டி. ஜே. தனராஜ் சிங்கப்பூரில் பணியாற்றியவர்; பின்னர்க் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் தலைவரானவர். அவரும் அவருடைய துணைவர்களும் 1950 முதல் 1954 வரையிலான பிணக்கூறாய்வுப் பதிவேடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினர். அவை ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவை. 1959ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்களது முடிவு மருத்துவ உலகை வியப்பில் ஆழ்த்தியது. ஒரே நகரில், ஒரே வானத்தின்கீழ் வாழ்ந்த மக்களுள், இதயத் தமனி நோய் சீனரைவிட இந்தியரிடம் ஏறத்தாழ ஏழு மடங்கு மிகுந்திருந்தது. அந்த இந்தியருள் பெரும்பாலோர் தமிழர்.

அங்ஙனமாயின் குறை குருதியிலேயே உள்ளதா? பாதி விடை 1963இல் கிடைத்தது. நார்வே நாட்டு அறிஞர் காரே பெர்க், 'லிப்போபுரோட்டீன் ஏ' என்னும் கொழுப்புத் துகளைக் குருதியில் கண்டறிந்தார். அதன் அளவைப் பெரும்பாலும் உறுதி செய்வது பெற்றோரிடமிருந்து வரும் மரபணுவே. உணவை மாற்றினாலும் அது பெரிதும் மாறுவதில்லை. தெற்காசியரிடம் அது ஐரோப்பியரைவிடச் சற்று மிகுதி. ஆப்பிரிக்க வழிவந்தோரிடமோ இன்னும் மிகுதி. எனவே ஓர் இனத்துக்கு மட்டுமே வாய்த்த சாபமாக இதனைக் கொள்ளுதல் பொருந்தாது.

மற்றப் பாதி விடையைச் சப்பானியர் தந்தனர். சப்பானில் வாழ்ந்தோர், அவாய்த் தீவில் குடியேறியோர், கலிபோர்னியாவில் குடியேறியோர் என மூன்று பிரிவினரையும் ஆராய்ந்தபோது, இதய நோய் தாயகத்தில் மிகக் குறைவாகவும், அவாயில் அதனினும் கூடுதலாகவும், கலிபோர்னியாவில் எல்லாவற்றினும் மிகுதியாகவும் இருந்தது. மரபு ஒன்றே, மாறியவை உணவும் வாழ்முறையும்.

நம் கேரளத்தின் கொட்டாரக்கரையில் பிறந்த மருத்துவர் சலீம் யூசுப், 52 நாடுகளில் நடத்திய ஆய்வை 2004இல் வெளியிட்டார். புகைபிடித்தல், குருதிக் கொழுப்பின் சீர்கேடு, உயர் குருதியழுத்தம், நீரிழிவு, தொந்தி, மன அழுத்தம், காய்கனி உண்ணாமை முதலான ஒன்பது காரணிகளே மாரடைப்பு நேரும் வாய்ப்பில் பத்தில் ஒன்பது பங்கை விளக்குகின்றன என்பது அதன் முடிவு. எல்லா இனத்தாருக்கும் காரணிகள் இவையே. வேறுபாடு வயதில் இருந்தது. பிற நாட்டார்க்கு முதல் மாரடைப்பு 59 வயதளவில் வர, தெற்காசியர்க்கு 53லேயே வந்தது. இக்காரணிகள் நம்மை இளமையிலேயே பற்றிக்கொள்கின்றன. நோயில்லாதவருள் நாள்தோறும் காயும் கனியும் உண்போர் பிற நாடுகளில் ஏறத்தாழப் பாதிப்பேர், நம்மவருள் கால்பங்கினரே.

இன்னொரு செய்தி எனக்கு எப்போதும் துயரம் தருவது. மைசூரில் ஒரு மருத்துவமனையில் 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடைக் குறிப்புகள் அழியாமல் இருந்தன. வளர்ந்து நடுவயதடைந்த அவர்களைத் தேடி ஆராய்ந்து 1996இல் முடிவு வெளியிட்டனர். 45 வயதைக் கடந்தோருள், இரண்டரைக் கிலோவும் அதற்குக் குறைவாகவும் பிறந்தவர்களில் 11 விழுக்காட்டினருக்கு இதயத் தமனி நோய் இருந்தது, 3.1 கிலோவும் அதற்கு மேலும் பிறந்தவர்களிலோ 3 விழுக்காட்டினருக்கே இருந்தது. கருவுற்ற தாய் உண்ணாத உணவு, அரை நூற்றாண்டுக்குப் பின் பிள்ளையின் தமனியில் கணக்குத் தீர்க்கிறது. இதனை மரபு என்பதா, உணவு என்பதா?

இனி நம் அடுக்களைக்கு வருவோம். சென்னையில் நடந்த ஆய்வொன்றில், ஒருவர் உண்ணும் உணவின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி, தீட்டிய அரிசி போன்ற தவிடு நீங்கிய தானியங்களிலிருந்தே கிடைத்தது. இங்கும் சோறும் கப்பையும், சருக்கரை மிகுந்த தேநீரும், உப்பேறிய கருவாடுமே வயிற்றை நிறைக்கின்றன. நாள் முழுதும் மலைச்சரிவில் கொழுந்து கிள்ளிய பாட்டிக்கு அவ்வுணவு உழைப்பில் கரைந்தது. பேருந்தில் பள்ளி செல்லும் பேரனுக்குக் கரைவதில்லை. தேங்காயெண்ணெய் நல்லதா தீயதா என்னும் வழக்கை மட்டும் நான் இங்குத் தீர்க்கப் போவதில்லை. என் மலையாள நண்பர்களுடன் நான் நாள்தோறும் ஒன்றாக உண்ண வேண்டும்! ஆயினும் அதன் கொழுப்பில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் செறிவுற்ற கொழுப்பு என்பது உண்மை.

மெலிந்தவர்க்கு இந்நோய் வராது என்பது தவறான எண்ணம். கைகால் மெலிந்திருந்தும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்தல் நம்மவரிடம் மிகுதி. ஆதலால் ஆடவர்க்கு 90, பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட இடைச்சுற்றளவு தெற்காசியர்க்கு எச்சரிக்கை அளவாகக் கொள்ளப்படுகிறது.

என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தியின் தந்தை மெலிந்த உடலினர், ஐம்பதைத் தொடாதவர். அவருடைய தந்தையும் அந்த வயதில் திடீரென மறைந்தவரே. ஓரிரவு நெஞ்சில் பாரமும் இடத்தோளில் வலியும் தோன்ற, வாயுத் தொல்லை என்றெண்ணிச் சோடா குடித்துவிட்டு விடியும்வரை காத்திருந்தார். அடைப்பு நேர்ந்து அரைமணி நேரத்திலேயே இதயத்தசை மடியத் தொடங்கும் என்பதை அவ்வீட்டார் அறியார். காலையில் அண்டை வீட்டாரின் ஜீப்பில் மலையிறங்கி உயிர் பிழைத்தார். ஆனால் கொழுந்து மூட்டையைச் சுமந்து ஏற்றம் ஏற அவரால் பின்னர் இயலவில்லை.

அருஞ்சொற்பொருள்

தமனி – இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்லும் குழாய்
பிணக்கூறாய்வு – இறப்பின் காரணம் அறிய உடலை அறுத்து ஆராய்தல்
லயம் – தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகள்

பயிற்சி

1. சிங்கப்பூர் ஆய்வை மட்டும் படித்த ஒருவர் எத்தகைய தவறான முடிவுக்கு வரக்கூடும்? சப்பானியர் ஆய்வு அதனை எங்ஙனம் திருத்துகிறது?
2. 'இதனை மரபு என்பதா, உணவு என்பதா?' என்னும் வினாவுக்கு உங்கள் விடையைப் பத்து வரிகளில் எழுதுக.
3. உங்கள் பாட்டியோ தாத்தாவோ பள்ளிப் பருவத்தில் ஒருநாள் உண்டவற்றைக் கேட்டெழுதி, நேற்று நீங்கள் உண்டவற்றுடன் ஒப்பிடுக.
4. பிரித்து எழுதுக: குருதியழுத்தம், உடலினர், அவ்வுணவு.