சுற்றுலா விசாவில் குடித்தனம்

கேள்வி: தாய்லாந்தில் சுற்றுலா விசாவிலேயே வருடக்கணக்கில் தங்குகிறார்களாமே, எப்படி?

பதில்: தங்கினார்கள், இப்போது கெடுபிடி அதிகம். விசா 60 நாள். குடிவரவு அலுவலகத்தில் 1,900 பாட் கட்டினால் இன்னும் 30 நாள். அதுவும் தீர்ந்தால், முன்பெல்லாம் நோங்காய் பாலம் தாண்டி லாவோஸுக்குப் போய், வியந்தியான் தாய்லாந்துத் தூதரகத்தில் புது விசா வாங்கித் திரும்பிவிடுவார்கள். இதற்கென்றே வேன் விட்ட ஏஜென்ட்டுகள் உண்டு! ஆனால் பாஸ்போர்ட் முழுக்க முத்திரையாக இருந்தால், அதிகாரி நிதானமாகப் புரட்டிவிட்டு, "இங்கே என்ன வேலை?" என்பார். பதில் திருப்தியில்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார். கெடு தாண்டினால் நாளுக்கு 500 பாட் அபராதம், உச்சம் 20,000. ஆன்லைனில் வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்பவரா? 2024-இல் வந்த ஐந்தாண்டு டிடிவி விசாவுக்கு முயலுங்கள். வங்கியில் 5 லட்சம் பாட் காட்ட வேண்டும்.