வில்லும் நாணும் அம்பும்

ஆலயச் சாளரமொன்றின் வளைந்த மேற்சட்டம் சிதைந்தது. புதுச்சட்டம் அறுக்க அவ்வட்டத்தின் ஆரம் வேண்டும். வட்டத்தின் மையமோ சுவருள் மறைந்துள்ளது. என் செய்வது?

வில்லின் இருமுனைகளை இணைப்பது நாண். நாணின் நடுவினின்று வில்லின் உச்சிவரை நிற்பது அம்பு. இலத்தீனரும் இதனை அம்பென்னும் பொருளுடைய 'சஜிட்டா' என்றே வழங்கினர். அரைநாணின் வர்க்கத்தை அம்பின் இருமடங்கால் வகுத்து, அரையம்பைக் கூட்டுக. நாண் 120 செ.மீ., அம்பு 20 செ.மீ. எனின், 3600ஐ 40ஆல் வகுக்க 90. 10 கூட்ட, ஆரம் 100 செ.மீ.

ஆட்டோகேட் என்னும் கணினிக் கருவியில் மூன்று புள்ளிகளைக் குறித்தால் வில் தானே அமையும், ஆரத்தையும் கேட்டறியலாம். எனினும், அம்பை 19 என அளந்துவிடின் ஆரம் 104ஐக் கடக்கும். அறுத்த சட்டம் உச்சியில் பொருந்தாது. பிழையையும் தசமத் துல்லியத்தோடு காட்டுவதே கருவியின் இயல்பு. ஆதலின், திரையை நம்புமுன் அளவுகோலை இருமுறை வைத்துப் பார்த்தல் நம் கடனாம்.