திரையில் வரும் செய்தியில் கை வைக்கலாமா?

ஸ்ரீரங்கம் உத்திர வீதி, சித்திரை வீதிகளிலும் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் உள்ள டிடிபி, ஜெராக்ஸ் கடைகளில் ஒரே கம்ப்யூட்டரை நாலைந்து பேர் மாறி மாறித் தொடுவார்கள். "வாடிக்கையாளரின் ஆதார் நகலை வேலை முடிந்ததும் அழித்துவிடவும்" என்று திரையிலேயே தமிழில் வந்து நின்றால் எவ்வளவு நல்லது! ஆனால், கேட்டவுடன் பதில் வரும்: "அதுல கை வச்சா சிஸ்டமே போயிடும்."

போகாது. இதற்கென்றே விண்டோஸ் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் 'லீகல் நோட்டீஸ் கேப்ஷன்', 'லீகல் நோட்டீஸ் டெக்ஸ்ட்' என்று இரண்டு பதிவுகள் உண்டு. முன்னதில் தலைப்பு, பின்னதில் செய்தி. அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு எழுதிவிட்டால், உள்ளே நுழையும் முன் அந்தச் செய்தி வரும். ஓகே அழுத்தினால்தான் மேலே போகலாம். வேண்டாமென்றால் எழுதியதை அழித்தால் போதும். தொடுவதற்கு முன் ரெஜிஸ்ட்ரியின் அந்தப் பகுதியை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். சிஸ்டம் கோப்புகளையே பிரித்து உள்ளிருக்கும் வாசகத்தை மாற்றுகிறார்களே, ஆபத்து அங்கேதான். கோப்பின் டிஜிட்டல் கையொப்பம் செல்லாமல் போகும். அடுத்த அப்டேட்டில் மாற்றமும் காணாமல் போகலாம்.

"தமிழ்ல அடிச்சா குப்பையாத்தான் வரும்" என்பார்கள். குப்பையாக வருவது பாமினி எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டுவதால். பாமினி உள்ளுக்குள் ஆங்கில எழுத்துதான். தமிழ் உருவம் மேலே போர்த்தியது. புள்ளி வைக்க அதில் அரைப்புள்ளி விசையைத்தான் தட்டுகிறோம். செய்திப் பெட்டிக்குப் பாமினி தெரியாது, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகவே காட்டும். யூனிகோடில் அடித்தால் இந்தச் சிக்கலே இல்லை. விண்டோஸ் 2000 காலத்திலேயே அதற்கு லதா எழுத்துரு வந்துவிட்டது.

எச்சரிக்கை வைத்தாயிற்று, இனி பயமில்லை என்ற நினைப்பும் தப்பு. ஓகே அழுத்த யாராலும் முடியும். பூட்டு என்பது பாஸ்வேர்டு மட்டுமே.

பிழைச் செய்திகளைத் தமிழாக்குவது கம்பெனிக்காரர்கள் வேலை என்கிறார்கள். லினக்ஸில் அது யாரும் செய்யக்கூடிய வேலை. க்னோம், கேடிஇ ஆகிய டெஸ்க்டாப் திட்டங்களின் தமிழாக்கம் பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பு. கெட்டெக்ஸ்ட் என்ற கருவி நிரலையும் வாசகத்தையும் பிரித்து வைக்கிறது. அதன் பி.ஓ. என்னும் மொழிபெயர்ப்புக் கோப்பில் ஆங்கில வரி மேலே, தமிழ் வரி கீழே.

இங்கே கவனம் வேண்டும். கோப்பின் பெயர் வரவேண்டிய இடத்தில் சதவீதக் குறியோடு ஓர் அடையாளம் இருக்கும். "இந்தக் கோப்பை அந்தக் கோப்புறைக்கு நகர்த்த முடியவில்லை" என்று தமிழில் வினை கடைசியில்தான் வரும். இரண்டு பெயர்களின் வரிசை மாறினால் அடையாளங்களுக்கு எண் கொடுத்துக் காட்ட வேண்டும். தவறினால் கோப்புறையின் பெயர் கோப்பின் இடத்தில் வந்து உட்காரும். சில சமயம் நிரலே நின்றுவிடும். எம்எஸ்ஜிஎஃப்எம்டி கருவியைச் சரிபார்க்கும் விருப்பத்தோடு ஓட்டினால் இத்தகைய பிழைகளில் பலவற்றை அதுவே பிடித்துக் கொடுக்கும்.

என்ஐடி, புனித வளனார், பாரதிதாசன் பல்கலைக்கழகம் என்று திருச்சியில் கணினி படிக்கும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. அவர்கள் இதில் இறங்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். திருத்தியதைத் தங்கள் கணினியோடு நிறுத்தினால் அடுத்த அப்டேட் அழித்துவிடும். அந்தந்த மென்பொருளின் தமிழாக்கக் குழுவுக்கு அனுப்பி அவர்கள் ஏற்றுக்கொண்டால், அதே அப்டேட் வழியாக எல்லோருக்கும் போய்ச் சேரும்.