பலூன் சிமெண்ட் கூனை நிமிர்த்துமா?

குளத்தூர், கீரனூர் பக்கத்தில் வயதான ஒருவருக்கு முதுகெலும்பு நொறுங்கிவிட்டது என்று தெரிந்தால் போதும், யோசனை வீடு தேடி வந்துவிடுகிறது: “திருச்சிக்குக் கொண்டுபோயி பலூன் சிமெண்டு வைங்க. சாதா சிமெண்டெல்லாம் பழசு. பலூன் வெச்சாத்தான் எலும்பு நிமிரும், கூனும் போயிரும். தள்ளிப்போட்டா படுத்த படுக்கைதான்.” இதை நம்பி நகையை அடகு வைக்கிறார்கள். போதும், இந்தப் பேச்சை நிறுத்துங்கள். இரண்டு முறையிலும் நொறுங்கிய எலும்புக்குள் சிமெண்டாகப் போவது பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற ஒரே பொருள்தான். 1984இல் பிரான்சின் அமியான் நகரில் தொடங்கிய வெர்டிப்ரோபிளாஸ்டியில் ஊசி வழியாக அதை நேரே செலுத்துகிறார்கள். 1998இல் வந்த கைஃபோபிளாஸ்டியில் முதலில் பலூனை ஊதி இடம் உண்டாக்கிக்கொண்டு செலுத்துகிறார்கள். 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வு இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. வலி குறைவதிலும் நடமாட்டத்திலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பலூன் முறையில் சிமெண்ட் கசிவு குறைவு என்பது உண்மைதான். ஆனால் பெரும்பாலான கசிவுகளால் நோயாளிக்குத் தொந்தரவே வருவதில்லை. கூன் என்பது பல எலும்புகள் பல ஆண்டுகளாக அமுங்கி, அப்படியே கூடிப்போனதன் விளைவு. புதிதாக உடைந்த ஒன்றைச் சில மில்லிமீட்டர் தூக்கினால் அது எப்படி நிமிரும்? செலவோ பலூனுக்குப் பல மடங்கு.

எந்த சிமெண்ட் என்று கேட்பதற்கு முன், சிமெண்டே வேண்டுமா என்று கேட்க வேண்டும். 2009இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்றில் 78 பேர், மற்றதில் 131 பேர். பாதிப் பேருக்கு உண்மையான சிகிச்சை. மீதிப் பேருக்கு மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, சிமெண்டின் வாடை அறையில் பரவும்படியும் செய்தார்கள். வலி இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது. “சிமெண்ட் வைத்த மறுநாளே நடந்தாரே, கண்ணால் பார்த்தோமே” என்பவர்களுக்கு இதுதான் பதில்: சிமெண்ட் வைக்காதவர்களுக்கும் வலி குறைந்தது. இந்த முறிவுகளில் பெரும்பாலானவற்றின் வலி ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் தானாகவே தணியும். அந்த ஆய்வுகளில் பழைய முறிவுகளும் கலந்திருந்தன என்ற மறுப்பு நியாயமானது. ஆறு வாரத்துக்குள்ளான முறிவும் கடும் வலியும் கொண்ட 120 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்த 2016ஆம் ஆண்டு ஆய்வில், பதினான்காம் நாள் வலி நன்றாகத் தணிந்திருந்தவர்கள் சிமெண்ட் வைத்தவர்களில் 44 சதவீதம், வைக்காதவர்களில் 21 சதவீதம். ஆனால் 2018இல் 180 பேரைக் கொண்டு நெதர்லாந்தில் நடந்த ஆய்வு அந்தப் பலனைக் காணவில்லை. ஆகவே எம்.ஆர்.ஐ.யில் புது முறிவு என்று உறுதியாகி, மருந்துக்கும் அடங்காத வலியால் எழவே முடியாதவருக்கு சிமெண்டை யோசிக்கலாம். எல்லாருக்கும் உடனே என்பது தவறு.

சில்லறை நம்பிக்கைகளும் உண்டு. சிமெண்ட் வைத்தால் கால் விளங்காமல் போகும் என்ற பயம் மிகை. நரம்பு பாதிப்பது அபூர்வம். உடைந்த முதுகை எண்ணெய் போட்டு நீவி விடுவது ஆபத்து, செய்யாதீர்கள். பால் மட்டும் குடித்தால் எலும்பு தேறிவிடாது. அமுங்கிய எலும்பெல்லாம் வயோதிகத்தால்தான் என்பதும் பொய். காசநோயும் புற்றுநோயும் முதுகெலும்பை நொறுக்கும், காய்ச்சலோ உடல் மெலிவோ இருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். ஒரு முதுகெலும்பு நொறுங்கிய பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் இன்னொன்றும் நொறுங்குகிறது. சிமெண்ட் ஒரு எலும்பைத்தான் தாங்கும். எலும்பு மெலிவு உடம்பு முழுக்க இருக்கிறது. ஆண்டுக்கொரு முறை போடும் ஜோலெட்ரோனிக் அமில ஊசி, மூன்றாண்டில் புதிய முதுகெலும்பு முறிவுகளை 70 சதவீதம் குறைத்ததாக 2007இலேயே நிரூபித்துவிட்டார்கள். வாரம் ஒரு அலென்ட்ரோனேட் மாத்திரையும் இருக்கிறது. இருந்தும் சிமெண்ட் வைத்து வீடு திரும்பும் எத்தனையோ பேரின் சீட்டில் வலி மாத்திரையும் பெல்ட்டும் தவிர வேறில்லை. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கவில்லை என்பது சாக்காகாது; லேசான அதிர்ச்சிக்கே முதுகெலும்பு நொறுங்கியது என்றால் வேறு காரணம் இல்லாதபோது அதுவே எலும்பு மெலிவு நோய்க்கு அத்தாட்சி. 2021 முதல் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. அதே பையில், சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இந்த வார மாத்திரையும் சேர வேண்டும். அதைக் கொடுப்பவரே சொல்லித்தரவும் வேண்டும்: காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும், காபிகூடக் கூடாது, அரை மணி நேரம் படுக்கவும் கூடாது.